துப்பாக்கி வாங்கியாச்சா? தோட்டா பற்றி ஒரு டாக்டரின் கருத்து

1/ அமெரிக்காவில் இருக்கும் நம்ம மக்கள் இன்பாக்ஸில் அடிக்கடி கேட்பது: "டாக்டர், வீட்டுப் பாதுகாப்புக்கு ஹேண்ட்கன் வாங்கிட்டேன். எந்த புல்லட் நல்லது?" துப்பாக்கி வேணுமா வேண்டாமா என்கிற சண்டை இந்தத் திரியில் இல்லை. தோட்டா உடம்புக்குள் போனால் என்ன நடக்கும், அதை வைத்து எப்படித் தேர்வு செய்யலாம், அவ்வளவுதான்.

2/ அதுக்கு முன்னாடி சட்டம். ஹெச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதற்கும் பொதுவாக ஃபெடரல் சட்டப்படி தடை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை கிடையாது. நண்பன் சொன்னான், கடைக்காரர் சொன்னார் என்று இறங்காதீங்க. வக்கீலிடம் கேளுங்க.

3/ கடையில் முதலில் காதில் விழும் வார்த்தை "ஸ்டாப்பிங் பவர்". மறந்துடுங்க. சினிமாவில் குண்டு பட்டவன் பத்தடி பறந்து விழுவான். அந்த அளவு விசை இருந்தால் சுட்டவனும் பின்னாடி பறக்கணும் இல்லையா? நியூட்டன் ஹீரோவுக்கு மட்டும் சலுகை தரமாட்டார்.

4/ ஒருவரை உடனே நிறுத்துவது மூளையிலோ மேல் தண்டுவடத்திலோ படும் அடி. மற்றதெல்லாம் ரத்த இழப்பு, அதுக்கு நேரம் ஆகும். இதயமே சிதைந்தாலும் மூளையில் மிச்சம் இருக்கும் ஆக்ஸிஜனை வைத்து 10 முதல் 15 விநாடி ஒருவரால் இயங்க முடியும். அதனால் தோட்டாவின் சத்தமோ பெட்டியில் இருக்கும் படமோ முக்கியமில்லை. முக்கிய உறுப்புவரை ஆழமாகப் போகுதா என்பதுதான் கேள்வி.

5/ இதை எஃப்.பி.ஐ. ரத்தம் கொடுத்துக் கற்றது. 1986 ஏப்ரல் 11, மயாமி. கொள்ளையர் ஒருவனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போன 9 எம்எம் தோட்டா, இதயத்தைத் தொடாமல் கொஞ்சம் முன்னாடியே நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். அந்த மோதலில் 2 ஏஜென்ட்கள் இறந்தார்கள், 5 பேர் காயப்பட்டார்கள்.

6/ அதன் பிறகு வந்ததுதான் இன்றைய அளவுகோல்: மனிதத் தசைக்கு ஈடான ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம். அதுக்குக் குறைந்தால் உறுப்பை எட்டாது. அதிகமானால் உடம்பைத் தாண்டி, பின்னால் நிற்பவர் மேல் பாயும். பெட்டியில் இருக்கும் வீரவசனத்தைப் படிக்காதீங்க, இந்தச் சோதனை முடிவு இருக்கான்னு பாருங்க.

7/ வகை இரண்டு. முழுக்க உலோக உறை போட்ட எஃப்எம்ஜே, விலை குறைவு, பயிற்சிக்குச் சரி. ஆனால் உடம்பைத் துளைத்து வெளியே போகும் வாய்ப்பு அதிகம். முனையில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் உள்ளே விரிந்து வேகம் குறையும், பெரும்பாலும் அங்கேயே நிற்கும். பாதுகாப்புக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

8/ "டாக்டரே, விரியும் தோட்டாவைப் போரில் தடை பண்ணியிருக்காங்களே?" உண்மை. கல்கத்தா பக்கத்து டம் டம் ஆயுதத் தொழிற்சாலையின் பெயர்தான் அதுக்கு ஒட்டிக்கொண்டது. 1899 ஹேக் பிரகடனம் தடை செய்தது. ஆனால் அது போருக்கான விதி. ஊருக்குள் சுடும்போது அந்தப்பக்கம் நிற்கும் அப்பாவியையும் யோசிக்கணும். நியூயார்க் போலீஸ் 1990களின் கடைசியில் ஹாலோ பாயிண்டுக்கு மாறியதில் இந்தக் கணக்கும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நியூ ஜெர்ஸிக்காரர்கள் குறிப்பாக அங்கே உள்ள கட்டுப்பாடுகளைப் பார்த்துக்கோங்க.

9/ இப்போ என்னைப் பயமுறுத்தும் விஷயம். "ஹாலோ பாயிண்ட் சுவரைத் தாண்டாது" என்று நிறைய பேர் நம்புறாங்க. தவறு. அமெரிக்க வீட்டுச் சுவர் நம்ம ஊர்ச் செங்கல் இல்லை, ட்ரைவால் அட்டை. அந்தத் தூள் முனைக் குழியை அடைத்தால் தோட்டா விரியாமல் எஃப்எம்ஜே மாதிரியே போகும், ஒரு சுவர் இல்லை, பல சுவர். அந்தப்பக்கம் குழந்தை தூங்குதா? எந்த பிராண்டும் இதற்குப் பதில் சொல்லாது. சுடும் திசை மட்டும்தான் பதில்.

10/ "பெரிய கேலிபர் வாங்கட்டுமா?" மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. 10 எம்எம், .40 என்று சுற்றிவிட்டு 9 எம்எம்முக்கே திரும்பியது. தோட்டாத் தயாரிப்பு முன்னேறிவிட்டது, உதைப்பும் குறைவு. கை நடுங்காமல் சரியான இடத்தில் படுவதுதான் பெருசு.

11/ நம்பகத்தன்மைக்கு நாலு விதி:
• பேரலில் பொறித்திருப்பதும் பெட்டியில் இருப்பதும் அப்படியே ஒத்துப்போகணும். "9 எம்எம் ஷார்ட்" வேறு, "9 எம்எம் லூகர்" வேறு.
• பெயர் தெரிந்த கம்பெனியின் புதுப் பெட்டி. யாரோ வீட்டில் ரீலோட் செய்தது வேண்டாம்.
• அதே தோட்டாவை உங்கள் துப்பாக்கியில் ரேஞ்சில் 100, 200 முறையாவது சுட்டுப் பாருங்க. சிக்கினால் மாத்துங்க.
• ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப சேம்பரில் ஏற்றி இறக்கினால் முனை உள்ளே அழுந்தி, சுடும்போது அழுத்தம் ஆபத்தாக ஏறும். அழுந்தியதைப் பயன்படுத்தாதீங்க.

12/ கடைசியா, டாக்டராக என் முக்கியக் கருத்து. அமெரிக்காவில் துப்பாக்கியால் நடக்கும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலை. திருடனுக்காக வாங்கியது, மனசு உடைந்த ஒரு ராத்திரியில் வீட்டுப் பிள்ளை கையில் கிடைக்கக்கூடாது. தோட்டாவுக்குச் செலவழிக்கும் முன் நல்ல பூட்டுப் பெட்டிக்குச் செலவழிங்க. வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு என்றால் துப்பாக்கி அந்த வீட்டிலேயே வேண்டாம். அங்கே உதவிக்கு 988.

13/ தோட்டா வாங்கும் அன்னைக்கே ஒரு டூர்னிகேயும் காயத்தில் திணிக்கும் காஸ் துணியும் வாங்குங்க. "ஸ்டாப் தி பிளீட்" பயிற்சிக்குப் போங்க, சில மணி நேரம்தான். சுடக் கற்றுக்கொண்ட கை, ரத்தத்தை நிறுத்தவும் கற்றுக்கணும்.

வீட்டில் துப்பாக்கி இருக்கும் நண்பருக்கு இதை அனுப்புங்க. 🙏