பெரிய ஹீட்டர் என்றால் பெரிய பாதுகாப்பா?

"கண்டிக் குளிருக்கு 300 வோட்ஸ் போடுங்க தம்பி, பெரிசா இருந்தா பயமில்ல."

உப்புநீர் மீன்தொட்டிக்கு ஹீட்டர் வாங்கப் போன எங்களுக்குக் கடைக்காரர் சொன்னது இது. தொட்டி 100 லீற்றர். நாங்களும் யோசிக்காமல் வாங்கி வந்தோம். ஜனவரியில் ஒரு காலை எழும்பிப் பார்த்தால் வெப்பமானியில் 35 பாகை. இரண்டு கோமாளி மீனும் செத்துக் கிடந்தன. ஹீட்டரின் சிவப்பு லைட் மட்டும் அணையவே இல்லை.

"மீன்தானே, விடுங்கடா" என்றார்கள் போடிங் நண்பர்கள். விடமாட்டோம். கடல்மீன் கடைகளில் விற்கிற இனங்களில் பெரும்பாலானவை இன்னமும் கடலிலிருந்து பிடித்து வரப்படுபவை. ஓர் உயிரைக் கடலிலிருந்து 500 மீற்றர் உயரத்து மலைக்கு ஏற்றிக் கொண்டுவந்த பிறகு, அதன் கடலை ஒழுங்காக வைத்திருப்பது நம் பொறுப்பு.

"இலங்கைக்கு எதுக்கு ஹீட்டர்?" என்று கொழும்பில் இருப்பவர் கேட்கலாம். இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் 18 பாகை வரை இறங்குகிறது. பவளப்பாறை மீனுக்கு 25, 26 பாகை வேண்டும். ஆகவே ஹீட்டர் தேவைதான். எங்கள் சண்டை "பெரிசா போடு" என்கிற அந்த ஒரு வார்த்தையோடுதான்.

கணக்கைப் பாருங்கள். மலிவான ஹீட்டர் பழுதாகும்போது அதன் தெர்மோஸ்டாட் முனைகள் ஒட்டிக்கொண்டு, ஓயாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கும். 300 வோட்ஸ் ஒட்டிக்கொண்டால், 100 லீற்றர் நீர், வெளியே இழக்கிற வெப்பத்தை விட்டுப் பார்த்தால், மணிக்கு 2.5 பாகை ஏறும். நாம் தூங்கி எழும்புமுன் எல்லாம் முடிந்துவிடும். நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கிற ஒட்சிசனும் குறையும். 100 வோட்ஸ் என்றால் மணிக்கு ஒரு பாகைகூட ஏறாது. அறைக்கு இழக்கிற வெப்பம் அதைப் பிடித்து நிறுத்தும், நமக்குக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும். கண்டிக்கு லீற்றருக்கு ஒரு வோட் போதும். அதையும் 50 வோட்ஸ் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மீனை வேகவைக்க அதற்குச் சக்தி இல்லை. ஒன்று செத்தாலும் மற்றது பாதி தாங்கும்.

அடுத்தது, ஹீட்டருக்குள் இருக்கிற தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாதீர்கள். வெளியே தனிக் கட்டுப்படுத்தி ஒன்று வைத்து, அதன் உணரியை நீருக்குள் விடுங்கள். ஒன்று தவறினால் மற்றது கரண்டை வெட்டும். கண்ணாடி ஹீட்டர் நீர்மட்டம் குறைந்து வெளியே தெரிந்தால் வெடிக்கும். டைட்டேனியம் உடையாது, உப்பும் அதை அரிக்காது. ஆனால் அது உலோகம், எர்த் கட்டாயம்.

இனி எங்களையே திட்ட வேண்டிய இடம். இரண்டு முள் பிளக்கோடு வந்த ஹீட்டரை, சொக்கெட்டின் மேல்துளையில் பேனாவைக் குத்தித் திறந்து திணித்தவர்கள் நாங்கள்தான். உப்புநீர் நன்னீரைவிடப் பலமடங்கு கரண்ட் கடத்தும். அந்தத் தொட்டிக்குள்தான் தினமும் கை விட்டோம். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்தில் உப்புநீர்த் தொட்டி வைக்கவே கூடாது. இருந்தாலும் அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வயரை சொக்கெட்டுக்குக் கீழே தொங்கவிட்டு மேலே எடுங்கள், வயர் வழியே வடிகிற நீர் கீழேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

மீனுக்கும் தொட்டிக்கும் கல்லுக்கும் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்துவிட்டு, ஹீட்டரில் வந்து பேரம் பேசுகிறோம். இவ்வளவுக்கும் காசு இல்லையென்றால், சேரும்வரை நன்னீர் மீன் வளர்ப்போம். அதில் வெட்கம் இல்லை. எங்கள் தொட்டி இப்போது காலியாகத்தான் இருக்கிறது. ட்ரிப் சுவிட்ச் பூட்டுகிற நாளில்தான் அதில் உப்பு கரைப்போம்.