சனிக்கிழமை போகாதீர்கள்

சனிக்கிழமைகளில் சுரக்குடிக்காரர்களான நாங்கள் திருநள்ளாறு பக்கம் வேலை வைத்துக்கொள்ள மாட்டோம். நளன் குளத்தில் முழுகி எள் தீபம் ஏற்ற வருகிற கூட்டத்தில் சைக்கிள்கூட நகராது. அதே சனிக்கிழமையில் நெருப்பே மூட்டாமல் தொழுகிறவர்கள் யூதர்கள். காரைக்காலில் மாலையில் எர்ணாகுளம் ரயில் ஏறினால், மறுநாள் மட்டாஞ்சேரியில் அவர்களுடைய பரதேசி ஜெபாலயத்தைப் பார்த்துவிடலாம். 1568இல் கட்டியது. நம் கோயில் மாதிரியே செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

நம்மிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அது ஒன்று மட்டும் இல்லை. யூதர் வீடுகளில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததிக்கு அங்கே 'மெஷுஹரார்' என்று பெயர். அதே வேதம், அதே நோன்பு. ஆனால் அந்தக் காலத்தில் அவர்கள் உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது, முன்னறையில் தரைதான். வேதமான தோராவை வாசிக்கக் கூடாது. செத்தால் அடக்கம் செய்யும் இடமும் வேறு. திண்ணை வரைக்கும் விட்டு உள்ளே விடாத வித்தையைக் காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும், கொச்சி யூதர்களுக்குள் இப்படி யார் மேல் யார் கீழ் என்ற வழக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோ வரை போயிருக்கிறது. அங்கிருந்த பெரிய ராபி (யூத மதகுரு) டேவிட் இப்ன் சிம்ரா, முறைப்படி நீரில் மூழ்கிச் சேர்ந்தவர்களை ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு வந்து நானூறு வருடம் ஆகியும் பெஞ்சு கிடைக்கவில்லை.

அதைக் கேட்டு வாங்கியவர் ராபி இல்லை, வக்கீல். ஏ. பி. சேலம், 1882இல் பிறந்தவர். (பெயரைக் கேட்டதும் மாம்பழத்து ஊர் ஞாபகம் வரும். அந்தச் சேலத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) மெஷுஹரார் வீட்டுப் பிள்ளை, கொச்சி யூதர்களிலேயே முதல் வக்கீல். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். தொழிலாளர் சங்கத்துக்கு உழைத்தார். முழு விடுதலை கேட்டுத் தீர்மானம் போட்ட 1929 லாகூர் காங்கிரசுக்கும் போனார். அங்கெல்லாம் எதிரி வெளியே இருந்தான். ஜெபாலயத்தில் எதிரே நின்றவர்கள் சொந்தக்காரர்கள் போன்றவர்கள். தினமும் ஒரே தெருவில் முகத்தில் முழிக்க வேண்டியவர்கள்.

முதலில் கொஞ்ச காலம் ஜெபாலயத்துக்குப் போகாமலே இருந்து பார்த்தார். பிறகு வழியை மாற்றினார். பிள்ளைகளோடு போய், உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்தார். கத்தவில்லை, கை ஓங்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. பக்கத்து சமஸ்தானத்தில் 1924இல் வைக்கம் கோயில் தெருவுக்காக நடந்த அதே சத்தியாகிரகம்தான். தடைகள் ஒரே நாளில் போகவில்லை, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 'யூத காந்தி' என்று அவரைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பிடிக்காது. காந்திக்கு நாடே பின்னால் நின்றது. இவருக்குப் பின்னால் நின்றது ஒரு முன்னறைக் கூட்டம்.

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தப் பயணத்துக்காக அந்த நாட்டு அதிகாரிகளிடம் போய்ப் பேசியவர்களில் சேலமும் ஒருவர். தான் மட்டும் போகவில்லை. 1967இல் கொச்சியிலேயே இறந்தார். மறுவருடம் ஜெபாலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியிட்டார்கள்.

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் நீலமும் வெள்ளையுமான சீனத்து ஓடுகளைக் குனிந்து பார்க்கிறார்கள். நீங்கள் போனால் முன்னறையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்று வெளியாட்களுக்குக் கதவு திறப்பதில்லை.