பதில் எழுதுவதும் பராமரிப்புதான்

எக்ஸ்-இசட் யூடில்ஸ் என்ற சுருக்கக் கருவிக்குள் பின்கதவு ஒன்று ஒளிந்திருப்பதை 2024 மார்ச் 29 அன்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் அறிவித்தார். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று துருவத் தொடங்கியவர் அவர். அதன்பிறகு நம் துறையில் பேச்செல்லாம் பில்ட் ஸ்கிரிப்ட், கையொப்பம், சப்ளை செயின் என்றே போயிற்று. அவையும் பேசவேண்டியவைதான். ஆனால் அந்தப் பின்கதவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வழிவிட்டவை சில மடல்கள். அவற்றைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை.

2022இல் முன்பின் அறியாத பெயர்களிலிருந்து அவை வந்தன. பேட்ச் ஏன் இன்னும் சேரவில்லை, அடுத்த ரிலீஸ் எப்போது, நேரமில்லை என்றால் வேறொருவரிடம் ஒப்படைக்கலாமே என்று கேட்டன. சம்பளமில்லாமல், கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகத் திட்டத்தைச் சுமந்தவர் பொறுமையாகவே பதில் சொன்னார். அதே காலத்தில் உருப்படியான பேட்ச்களை அனுப்பிவந்த ஒரு கணக்குக்குப் பொறுப்புகள் படிப்படியாகக் கைமாறின. பின்கதவை வைத்தது அந்தக் கணக்குதான்.

அந்தப் பராமரிப்பாளரைக் குறை சொல்வது அநியாயம். அந்த மடல்களைப் படித்துப் பாருங்கள்: நம் திட்டங்களுக்கு எந்தச் செவ்வாய்க்கிழமையும் வரக்கூடியவைதான். அவருக்குப் பக்கத்தில் நின்று, “இது தன்னார்வப் பணி, அவசரமென்றால் பேட்சைச் சோதித்து முடிவைச் சொல்லுங்கள்” என்று எழுத இன்னொருவர் வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவரைத் தேடிச் சேர்ப்பதும் தக்கவைப்பதும் சமூகப் பொறுப்பாளரின் அன்றாட வேலை. இதை விருந்தோம்பலாக எண்ணி ஒதுக்கிவிடுகிறோம். இது முழுக்கமுழுக்கப் பாதுகாப்பு வேலை.

அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு சின்ன பேட்சோடுதான் வந்து சேர்கிறார். மூன்று வரித் திருத்தம், டெஸ்ட் கிடையாது, விளக்கம் அரைகுறை. “டெஸ்ட் இல்லை” என்று எழுதி மூடிவிட்டால் நமக்கு ஐந்து நிமிடம் மிச்சம். வந்தவர் திரும்ப வரமாட்டார். “இந்த வழுவை என் கணினியிலும் பார்த்தேன். சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறீர்கள். உள்ளீடு காலியாக வந்தால் என்னாகும் என்பதற்கு ஒரு டெஸ்ட் சேர்த்துவிடுங்கள், இணைத்துவிடலாம்” என்று எழுதிப் பாருங்கள். இதில் புகழ்ச்சி எதுவும் இல்லை. படித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிகிறது, அடுத்து என்ன செய்வதென்றும் தெரிகிறது.

இந்தப் பொறுமையை இன்று வேறொன்று தின்றுகொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய போலி வழு அறிக்கைகளைச் சரிபார்த்தே நேரம் போகிறது என்று கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பர்க் பலமுறை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆகவே தயங்காமல் மறுக்கவும் பழகவேண்டும். காரணத்தை ஒருமுறை சொல்லுங்கள். விவாதம் சுற்றிச்சுற்றி வந்தால் பூட்டிவிடுங்கள்.

மறுப்பதும் முடிவெடுப்பதும் ஒருவர் தலையிலேயே விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பைத்தான் மொழியே சாட்சி. பெப் 572 என்ற முன்மொழிவு கிளப்பிய சச்சரவுக்குப் பின் 2018 ஜூலையில் அதை உருவாக்கிய கீடோ வான் ராசம் தலைமையிலிருந்து விலகினார். மறு ஆண்டு ஐவர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்தலில் தேர்ந்தெடுத்தார்கள். அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களிலும் முடிவு ஒருவர் கையில் இல்லை: ஒரு ரிலீஸ் வெளிவரக் குறைந்தது மூன்று ஆதரவு வாக்குகள் தேவை. வாக்கெடுப்புக்கு 72 மணி நேரமாவது விடுவது அங்கே வழக்கம். இவையெல்லாம் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். அந்தத் தாமதத்தை மனமுவந்து ஏற்கலாம்: வெளியிலிருந்து எவர் நெருக்கினாலும் ஒரே ஆளைச் சாய்த்துக் காரியம் சாதிக்க முடியாது.

ஆகவே இந்த இதழின் வாசகர்களான பராமரிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த ரிலீஸ் குறிப்பில் நிரல் எழுதியவர்களோடு, இஷ்யூக்களைப் பிரித்து வைத்தவர்கள், புதியவர்களுக்குப் பதில் எழுதியவர்கள், கோபமாக வந்த மடலை நிதானமாகக் கையாண்டவர்கள் பெயர்களையும் சேருங்கள். நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போது இந்த வேலைக்கென்று தனியாக ஒரு தொகை கேளுங்கள். நிறுவனங்களில் இருப்பவர்கள் இதற்குச் செலவாகும் மணிநேரத்தை வேலைநேரமாகவே கணக்கில் எழுதுங்கள்.