அருளுக்கு இரசீது இல்லை

நவம்பர் 2ஆம் நாள் நெருங்குகையில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஈரச் சுண்ணாம்பின் மணம் எழும். கல்லறைத் திருநாளை முன்னிட்டு உறவினர் வாளியும் மட்டையுமாய் வந்து, புல்லைச் செதுக்கி, தம் முன்னோர் துயிலும் மேடைகளுக்கு வெள்ளையடிப்பர். ஏரியின் அடியிற் படிந்த கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது இந்நிலத்தின் பழந்தொழில். சுண்ணாம்புக்குளம் என்று பெயரிலேயே சுண்ணாம்பைத் தாங்கி நிற்கும் ஊரும் இக்கரையோரப் பகுதியில்தான் இருக்கிறது. இங்கே, வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவே நின்று மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தை வாசிக்கும் குரு எவருக்கும் நெஞ்சு கலங்காமல் இராது.

ஆண்டவர் காலத்து யூதர் பாஸ்கா விழாவுக்கு முன் கல்லறைகளுக்கு வெள்ளையடித்தது அழகு கருதியன்று. வழிப்போக்கர் அறியாமல் தொட்டுத் தீட்டுப்பட்டுவிடலாகாது என்ற எச்சரிக்கைக்காகவே அடித்தனர். அந்த வெண்மை சட்டத்தின் வெண்மை. அதனையே இயேசு மறைநூல் அறிஞருக்கும் பரிசேயருக்கும் உவமையாக்கினார். அவர்கள் ஒழுக்கங்கெட்டவர்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவர்கள் சட்டத்தை நேசித்தவர்கள், நோன்பு தவறாதவர்கள், வீட்டுக் கொல்லையில் விளைந்த கீரைக்கும் சீரகத்துக்குங்கூடப் பத்திலொரு பங்கு அளந்து கொடுத்தவர்கள். ஆகவேதான் அச்சொல் நம்மை நோக்கியும் பேசுகிறது.

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு பங்கில் முதிய மீனவர் ஒருவர் இறந்தார். மூன்று ஆண்டுகளாய் அவர் வீட்டுக் கோயில் வரி நிலுவையில் இருந்தது. முகத்துவாரம் மணலால் மூடி, ஏரியில் இறால் வரத்துக் குன்றியிருந்த ஆண்டுகள் அவை. நிலுவையைத் தீர்த்தாலன்றித் துக்கமணி அடிப்பதற்கில்லை, பாடைப்பெட்டி தருவதற்கில்லை என்று பங்குப் பேரவையினர் உறுதியாய் நின்றனர். நாம் மறுத்துரைக்கவில்லை. ஊர்க்கட்டுப்பாடு குலைந்துவிடும் என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டோம். இறந்தவரின் மகன் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வந்தார். அந்த முன்பணத்துக்காக அடுத்த பருவத்து மீன் முழுவதையும் வியாபாரி சொல்லும் விலைக்கே விற்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தே இரசீதில் கையெழுத்திட்டோம். பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, அதே கையால் தோள்துகிலை எடுத்து அணிந்தோம்.

அடக்கம் முடிந்து திரும்புகையில் அந்த விதவைத் தாய் அருகில் வந்து கேட்டார்: “சாமி, பாக்கியெல்லாம் முடிஞ்சிடுச்சில்ல? இனிமே அவரு மோட்சத்துக்குப் போயிடுவாரில்ல?”

குருத்துவக் கல்லூரியில் நான்காண்டு இறையியல் கற்ற நமக்கு அன்று வாய் எழவில்லை. அந்தத் தாயின் கேள்வி அறியாமையில் பிறந்ததன்று. நாம் கற்பித்த மறைக்கல்வியை அவர் பிழையின்றி ஒப்பித்தார். மறையுரையில் அருள் என்றோம், அலுவலகத்தில் பாக்கி என்றோம். மக்கள் அலுவலகத்தில் சொன்னதையே நம்பினர்.

இது ஓர் ஊரின் கதையன்று. வரி நிலுவையால் திருமணத்திற்குத் தடையில்லாச் சான்று மறுக்கப்பட்ட மணமகன் உண்டு. தாயின் மணவாழ்வு சட்டப்படி சீராகவில்லை என்று திருமுழுக்கு மறுக்கப்பட்டு, கைக்குழந்தையுடன் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெண் உண்டு. கோயிற் கதவில் தொங்கும் பாக்கிதாரர் பட்டியலில் தன் பெயர் இருப்பதால் பூசைக்கே வராத உழைப்பாளி உண்டு. தெற்கே குமரிக் கடற்கரையில் பிடித்த மீனில் ஒரு பங்கைத் திருச்சபை பெற்றதும், அதனை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டதும் வரலாறு. வலையிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் சுங்கம் வாங்கும் பழக்கம் நம்மிடையே நேற்று முளைத்ததன்று.

சட்டத்தின் பெயரால் இதைச் செய்வோரிடம் சட்டத்தையே எடுத்து வைப்போம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்படத் தக்கவர் யாரென 1184ஆம் எண்ணில் வரையறுக்கிறது. விசுவாசத்தை வெளிப்படையாகத் துறந்தவர், தப்பறையாளர், பிரிவினையாளர், விசுவாசத்துக்கு எதிரான நோக்கத்தோடு உடலெரிப்பைத் தேர்ந்தவர், பிறருக்கு இடறலாகும் வெளிப்படையான பாவிகள் ஆகியோரே அப்பட்டியலில் உள்ளனர். அவர்களும் இறக்குமுன் மனம் வருந்திய அடையாளம் காட்டினால் தடை நீங்கும். வரி நிலுவைக்காரர் அங்கே இல்லை. ஏழைகளுக்குத் தகுந்த அடக்கம் கிடைக்காமற் போகலாகாது என்று 1181ஆம் எண்ணும், வறுமையால் எவரும் அருள்சாதனங்களை இழக்கலாகாது என்று 848ஆம் எண்ணும் கட்டளையிடுகின்றன. தொகுப்பின் கடைசி எண்ணாகிய 1752, ஆன்மாக்களின் மீட்பே திருச்சபையின் தலையாய சட்டம் என்று முடிக்கிறது. ஆக, நம் சட்டவாதம் திருச்சபைச் சட்டத்தையும் மீறுகிறது. உரோமை எழுதாத தடையை நம் பேரவைத் தீர்மானப் புத்தகம் எழுதி வைத்திருக்கிறது.

அருளை மட்டும் பேசுவது லூத்தரன் சபையாரின் வழக்கம், கத்தோலிக்கருக்கு நற்செயலும் ஒழுங்குமே முக்கியம் என்று கூறும் அன்பர்களும் உளர். திரிதெந்தின் சங்கம் 1547இல் ஏற்புடைமை பற்றி வெளியிட்ட போதனையை அவர்கள் ஒருமுறை வாசிக்கட்டும். ஏற்புடைமைக்கு முன் மனிதன் கொண்டிருக்கும் விசுவாசமோ செய்யும் செயலோ அந்த அருளைச் சம்பாதித்துத் தருவதில்லை என்பது அச்சங்கத்தின் தெளிந்த போதனை. நற்செயல் அருளின் கனி. அது அருளுக்கு நாம் செலுத்தும் விலையன்று. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பினரும் ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது இவ்வுண்மையையே சேர்ந்து அறிக்கையிட்டனர். திருச்சபை சுங்கச்சாவடியன்று என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் தம் திருத்தூது ஊக்கவுரையில் எழுதியதும் இதே நீரோட்டத்தில் வந்ததே.

சட்டமெல்லாம் தீது என்று நாம் சொல்லவில்லை. தமிழகத் திருச்சபையின் வரலாறே இதற்கொரு பாடம். திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் மலபார் சடங்குகள் பற்றி ஓர் ஆணை பிறப்பித்தார். திருமுழுக்கில் எச்சிலும் உப்பும் விடுபடலாகாது, தாலிக்கு 108 இழைக் கயிறு கூடாது, மணவீட்டில் தேங்காய் உடைக்கலாகாது என்றெல்லாம் அது விதித்தது. அதே ஆணையில் வேறிரு கட்டளைகளும் இருந்தன. மாதவிலக்கைக் காரணங்காட்டிப் பெண்களைக் கோயிலுக்கும் ஒப்புரவுக்கும் வராமல் தடுக்கலாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் நோயுற்றுக் கிடக்கையில் குரு அவர்தம் குடிசைக்குள்ளேயே சென்று அருள்சாதனம் வழங்க வேண்டும். முன்னது இழையை எண்ணிய சட்டம். பின்னது வாசலைத் திறந்த சட்டம். நாற்பதாண்டு வழக்காடலுக்குப் பின் 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் முடிவு கூறினார். குடிசைக்குள் நுழையும் கட்டளையின் சுமையை இறக்கிக்கொள்ள அப்போது ஒரு வழியும் கிடைத்தது. ஒடுக்கப்பட்டோர்க்கெனத் தனிக் குருக்களை அமர்த்திக் கொண்டனர். இழையை எண்ணுவதற்கென்று தனிக் குருக்கள் எவரும் தேவைப்படவில்லை! சட்டத்தில் எளிதானதைப் பற்றிக்கொண்டு அன்பு கேட்பதை ஒத்திவைக்கும் நம் கைத்திறனுக்கு வயது முந்நூறு.

ஏரி மக்களின் ‘பாடு’ முறையும் இதையே நினைவூட்டுகிறது. எந்த நாளில் எவர் எங்கே இறால் வலை இடுவது என்பதை முறைவைத்து வகுக்கும் ஏற்பாடு அது. வலியவனே நல்ல இடத்தை வளைத்துக்கொள்ளாதபடியும், ஏரியில் சண்டை மூளாதபடியும் முன்னோர் கண்ட நல்ல சட்டம். ஆயினும் தலைமுறை உரிமையில்லாதார்க்கு அப்பட்டியலில் இடமில்லை. இருளர் குலப் பெண்கள் ஓரத்துச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்தே பசியாறுகின்றனர். பகிர்வதற்காகப் பிறந்த சட்டம் விலக்குவதற்கும் பயன்படுகிறது. இறாலை அனுப்புகிறவரோ பட்டியலைப் பார்த்து அனுப்புவதில்லை. வலையிடும் உழைப்பு மனிதனுடையது, வலையில் விழுவது கொடை என்பதை நம் மீனவர் எவரும் அறிவர். அருளைப் பற்றி அவர்களுக்கு நாம் புதிதாய்க் கற்பிக்க வேண்டியது சிறிதே. அவர்கள் அறிந்ததைக் கெடுக்காதிருந்தால் போதும்.

“வரியில்லையேல் விளக்கெரிவது எவ்வாறு? கூரை ஒழுகினால் யார் பார்ப்பது?” என்று கேட்பர். நியாயமான கேள்வி. திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது இறைமக்களின் கடமை என்று 222ஆம் எண் சட்டமே கூறுகிறது. அதை நாம் தளர்த்தச் சொல்லவில்லை. கடன் கேட்கலாம், நினைவூட்டலாம், கணக்கை ஊரறிய வைக்கலாம். பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு கேட்கலாகாது என்பதே நம் வழக்கு. தண்டல் ஓரிடத்தில் இருக்கட்டும். அருள்சாதனம் வேறிடத்தில் இருக்கட்டும். முன்னதற்குப் பின்னதைப் பிணையாய் வைப்பது, காசு கொடுத்துக் கடவுளின் கொடையைப் பெற எண்ணிய மந்திரவாதி சீமோனின் வழி. விற்க மறுத்த பேதுருவின் இடத்தில் இருக்க வேண்டிய நாம் விலை சொல்லும் இடத்திற்கு வந்துவிட்டோம்.

இத்தகைய பேச்சு அருளை மலிவாக்கிவிடும் என்றும் சிலர் அஞ்சுவர். மலிவான அருளைக் கடிந்து 1937இல் நூல் எழுதிய போன்ஹோஃபர், கிறிஸ்துவைப் பின்தொடராமலே மன்னிப்பைக் கொண்டாடிய வசதியான சபையைக் கடிந்தார். கட்ட முடியாத ஏழையின் அடக்கத்தை அவர் குறிப்பிடவில்லை. அருள் விலையுயர்ந்ததுதான். அந்த விலை கல்வாரியில் செலுத்தப்பட்டாயிற்று. செலுத்தப்பட்ட ஒன்றுக்கு இரண்டாம் முறை இரசீது எழுத நாம் யார்?

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தை மீனவரோடு அமர்ந்து வாசித்துப் பாருங்கள். மும்முறை மறுதலித்த பேதுரு இரவெல்லாம் வலைவீசியும் ஒன்றும் கிட்டாமல் இருக்கிறார். அவரிடம் ஆண்டவருக்குப் பெரும் பாக்கி உண்டு. கரையிலோ கரிநெருப்பும் அதன்மேல் மீனும் அப்பமும் ஆயத்தமாயிருக்கின்றன. முதலில் உண்ண அழைக்கிறார்; உண்ட பின்னரே கேள்வி. அக்கேள்வியும் அன்பு உண்டா என்பதே. மறுதலித்த கணக்கு எடுக்கப்படவேயில்லை. திருச்சபையின் முதல் தலைவர் பதவியேற்ற முறை இது. நாமோ முதலில் கேள்வி, பிறகு இரசீது, மீந்தால் அப்பம் என்று வரிசையை மாற்றிவிட்டோம்.

உடன் குருக்களே, பங்குப் பேரவைப் பெரியோர்களே, வரும் கல்லறைத் திருநாளுக்கு முன் மூன்று காரியங்கள் செய்வோம். கோயிற் கதவிலுள்ள பாக்கிதாரர் பட்டியலைக் கழற்றுவோம். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் கணக்கைக் கேளாமல் துக்கமணி அடிக்கப்படும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். கட்ட இயலாத குடும்பங்களின் நிலுவையைக் குருவும் பேரவையும் அமர்ந்து, அவர்கள் வந்து கெஞ்சுமுன்னரே தள்ளுபடி செய்வோம்.

அந்த முதியவரின் கல்லறைக்கு இவ்வாண்டு நாமே சுண்ணாம்பு கொண்டு செல்ல எண்ணியிருக்கிறோம். அந்தத் தாய் இன்னும் உயிரோடிருந்தால், அன்று வாயடைத்து நின்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: அம்மா, பாக்கி எதுவும் அன்றைக்கும் இல்லை; உங்களிடம் பணம் வாங்கியது எங்கள் பாவம்.