கேட்கும் செவியே முதற்கருவி

நாவினால் மட்டுமே மொழி பிறக்கும் என்று எண்ணுவது நம்மிடையே வேரூன்றிவிட்ட பழக்கம். தொல்காப்பியர் அவ்வாறு எண்ணினாரல்லர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்து, உள்ளத்து உணர்வை உடலும் புலப்படுத்தும் என்பதற்கு இலக்கணமே செய்தார். ஆயினும் மூளை முடக்குவாதத்தாலோ மதியிறுக்கத்தாலோ பேச்சு வாய்க்கப்பெறாத குழந்தை, படப்பலகையைச் சுட்டிக் கருத்துரைக்க முற்படுங்கால், தமிழ் கற்ற நாமே அதனை மொழியென ஏற்கத் தயங்குகின்றோம்.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1985-இல் சென்னையில் தோன்றிய வித்யாசாகர் நிறுவனம் இத்தகைய குழந்தைகளுக்காக உழைத்து வருகின்றது. அதன் துணையுடன் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’, தொட்ட படத்தைக் குரலாக ஒலிப்பது. இன்று கைக்கணினியில் தமிழும் பேசுகின்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) இம்முறைகளைத் ‘தொடர்பு’ என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. நம் கிருஷ்ணன்கோவிலிலேயே கலசலிங்கம் பொறியியல் கல்லூரி, செவித்திறனும் பேச்சும் குறைந்த மாணவர்க்குப் பொறியியல் பயிற்ற முன்வந்தது.

எனின், குறை எங்கே உள்ளது? கேட்போராகிய நம்மிடம் உள்ளது. திருமண வீட்டில் குழந்தை எதிரே அமர்ந்திருக்க, “இவனுக்கு என்ன வேண்டும்?” என்று தாயிடம் வினவுகின்றோம். அவன் விரல் படத்தை அடையுமுன் நாமே விடை கூறிவிடுகின்றோம். பலகையைக் கொடுத்தால் பேச்சே வாராது என அஞ்சுவோரும் உளர். 2006-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றில், உறுதியான சான்று கிடைத்த 27 பேருள் ஒருவர்க்கேனும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோர்க்கு வளர்ந்தே இருந்தது.

செய்யத்தக்கவை எளியன. குழந்தையை நோக்கியே வினவுக. விடைக்குப் பொறுமையுடன் காத்திருக்க. நாம் பேசும்போதும் அப்படங்களைச் சுட்டிப் பேசுக. கேளாத மொழியை எக்குழந்தையும் கற்பதில்லை. தண்டனையாகப் பலகையைப் பறித்தல் கூடாது. அது வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும். சோறு, தண்ணீர் என்பவற்றோடு ‘வேண்டாம்’, ‘ஏன்’, ‘பிடிக்கவில்லை’ என்பனவும் பலகையில் இடம்பெற வேண்டும். மறுக்க இயலாதவன் வேண்டியதைப் பெற்றாலும் உரிமை பெற்றவன் ஆகான்.

இங்கே தமிழ்த்துறைக்கும் பணி உண்டு. வேற்றுமை உருபும் வினைமுற்றும் இன்றி, ‘அம்மா பள்ளி நாளை’ என மூன்று படங்களைச் சுட்டும் குழந்தையைப் பிழை திருத்தாது, “நாளை அம்மாவுடன் பள்ளிக்குப் போகவேண்டுமா?” என முழுத்தொடராக்கிக் கேட்டு, அவன் ஒப்புதலைப் பெறுவதே ஆசிரியப் பண்பு. தந்தையை ‘அத்தா’ என்றழைக்கும் இல்லத்துக் குழந்தையின் பலகையில் ‘அப்பா’ மட்டுமே இருப்பின், அவன் தன் தந்தையை எவ்வாறு அழைப்பான்? நம் வட்டார வழக்கில் உறவுப்பெயரும் உணவுப்பெயரும் விளையாட்டுப்பெயரும் தொகுத்துச் சொற்பட்டியல் அமைப்பது, மாணவர்கள் ஒரு பருவத்திலேயே முடிக்கத்தக்க பணி.

மூஸா நபி (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறும், தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக்குமாறும் இறைவனிடம் வேண்டியதைத் திருமறையின் தாஹா அத்தியாயம் உரைக்கும். அவ்வேண்டுதல் ஏற்கப்பட்டது. பேச்சுக்குத் துணை நாடுவது இழிவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் வகுப்பறையிலும் கடைவீதியிலும் படப்பலகையுடன் வரும் குழந்தைக்கு ஒரு நிமிடம் ஒதுக்கிச் செவிசாய்ப்போமாக. பொருட்செலவில்லாத அறம் இது.