இரவல் கவசம்

'ஸ்பைடர் மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்' என்னும் அமெரிக்கப் படம் 2019ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் வெளிவந்தது. தமிழிலும் குரல் மாற்றி நம் நாட்டுக் கொட்டகைகளில் அதைக் காட்டினார்கள். உலகமெங்குமாக அது நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது; சிலந்தி மனிதனைப்பற்றிய படங்களுள் அந்த எல்லையைத் தாண்டியது அதுவே முதலாவது. இவ்வளவு பணத்தைக் குவித்துக் கொடுத்த ரசிகர்கள் பூரண திருப்தியோடு வீடு திரும்பியிருப்பார்களென்று நினைப்பது இயல்பு. ஆனால் அவர்களில் ஒரு பெரும் பகுதியார் அன்று தொடுத்த வழக்கை இன்றளவும் கைவிட்டபாடில்லை. அதை விளையாட்டுப் பிள்ளைகளின் வாய்ச்சண்டையென்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை.

வழக்கு யாதெனில், பீட்டர் பார்க்கர் என்னும் ஏழைப் பையனை, டோனி ஸ்டார்க் என்னும் கோடீசுவரருக்குச் சுவீகார புத்திரனாக்கிவிட்டார்கள் என்பதே. ஸ்டார்க் ஆயுத வியாபாரத்தில் பிதிரார்ஜிதமாகப் பெருஞ்செல்வம் பெற்றவர். இரும்புக் கவசம் பூண்டு வானில் பறந்து போர் புரிபவர். 2016இல் வெளிவந்த படத்தில் அவர் நியூயார்க் நகரத்துக் குவீன்ஸ் பகுதியிலுள்ள பையனின் வீட்டுக்கு வந்து, அவனுக்குப் புதுச் சட்டையொன்றைச் செய்துகொடுத்து, தமது சொந்தச் சண்டைக்காக ஜெர்மனிக்கு அழைத்துச் செல்கிறார். அதுமுதல் பையன் போட்டது அவர் கொடுத்த சட்டை. தேடியது அவர் வாயிலிருந்து வரும் பாராட்டு. 2019 ஏப்ரலில் வெளிவந்த படத்தில் ஸ்டார்க் மாண்டு போகிறார். ஜூலையில் வந்த படமோ, மாண்டவருக்கு வாரிசு யார் என்ற கேள்வியோடு தொடங்குகிறது.

இதில் என்ன குற்றமென்று கேட்பவர்கள் இக்கதையின் மூலத்தை நோக்க வேண்டும். 1962ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத் தேதியிட்ட 'அமேசிங் ஃபேண்டஸி' 15ஆம் இதழில், ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ சித்திரம் தீட்ட, சிலந்தி மனிதன் பிறந்தான். அதற்கு முன் அமெரிக்கச் சித்திரக் கதைகளில் பதின்மூன்று, பதினாறு வயதுப் பையன்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஸ்தானந்தான் உண்டு. பெரிய வீரன் ஒருவனுக்குப் பின்னால் நின்று எடுபிடி வேலை செய்யலாம். ஆபத்தில் சிக்கிக் கூச்சலிடலாம். 1940இல் பேட்மேனுக்குத் துணையாக வந்த ராபின் இந்த ஜாதிக்குத் தலைவன். பள்ளிக்கூடப் பையன் தானே தலைவனாக இருப்பதா என்று பதிப்பாளர் ஆட்சேபித்ததாக லீ பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆட்சேபம் செல்லவில்லை. அந்தப் பையன் தன் சட்டையைத் தானே தைத்துக்கொண்டான். வலை வீசும் கருவியைத் தன் அறையிலேயே செய்துகொண்டான். பிடித்திருக்கக்கூடிய திருடனைத் தப்பவிட்டு, அவன் கையாலேயே தன் பெரியப்பா கொலையுண்டதைக் கண்டு, வாழ்நாள் முழுவதும் அந்தக் கடனைச் சுமந்தான். பெரியம்மாவின் வீட்டுச் செலவுக்காகத் தன் படத்தைத் தானே பிடித்துப் பத்திரிகைக்கு விற்றான்.

அறுபது வருஷமாகப் பிள்ளைகள் இவனைத் தங்களில் ஒருவனாகப் பாராட்டி வந்ததற்குக் காரணம் சுவரில் ஏறும் வித்தை மட்டுமன்று. அவனுக்கு மேலே எஜமானர் ஒருவரும் இருந்ததில்லை. 1962இல் எடுபிடி வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட பையனை, 2016இல் மறுபடியும் அதே வேலைக்கு அனுப்பிவிட்டார்களென்பது ரசிகர்களின் வாதம். இவ்வாதத்தில் நியாயம் உண்டென்று நாம் கருதுகிறோம். கொலையுண்ட பெரியப்பாவின் பேச்சே படத்தில் எழவில்லை. அவருடைய பெயரின் முதலெழுத்துகள் பொறித்த பெட்டியொன்றைப் பையன் பிரயாணத்திற்கு எடுத்துச் செல்கிறான், அவ்வளவே. ஸ்டார்க்கின் உருவமோ சுவர்தோறும் காட்சியளிக்கிறது.

படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பீட்டர் பள்ளித் தோழர்களோடு ஐரோப்பாவுக்கு உல்லாசப் பிரயாணம் போகிறான். வெனிஸ் நகரத்தில் நீர்ப் பூதமொன்று எழுகிறது. க்வென்டின் பெக் என்னும் வீரன் வானிலிருந்து இறங்கி அதை அடக்குகிறான். ஸ்டார்க் தமக்குப் பின் பீட்டருக்கென்று விட்டுச் சென்ற மூக்குக் கண்ணாடியொன்று இதற்கிடையில் அவன் கைக்கு வருகிறது. அதை அணிந்தவன் வாய்திறந்து உத்தரவிட்டால், வானத்தில் சுற்றும் செயற்கைக் கோளிலிருந்து ஆயுதந் தாங்கிய ட்ரோன்கள் இறங்கி வரும். பீட்டர் முதல் நாளே வாய் தவறிப்பேசி, ஒரு பெண் விஷயத்தில் தனக்குப் போட்டியாக வந்த வகுப்புத் தோழன்மீது அவ்வாயுதத்தை ஏவிவிட்டு, பிறகு பதறியடித்துத் தடுக்கிறான். இவ்வளவு பாரத்துக்குத் தான் தகுதியற்றவனென்று வருந்தி, பிரேக் நகரத்தில் அந்தக் கண்ணாடியைப் பெக்கிடமே கொடுத்துவிடுகிறான். அவன் வெளியே போனதும் அவர்கள் உட்கார்ந்திருந்த மதுபான சாலையே கரைந்து மறைகிறது. பூதமும் பொய், பெக்கின் வீரமும் பொய், யாவும் யந்திரங்களால் காட்டிய மாயம்.

பழைய கதைகளைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. 1964லேயே இவன் மிஸ்டீரியோ என்ற பெயரில் தந்திரக் காட்சிகள் செய்யும் மோசக்காரனாக வந்தவன். ஆயினும் பெர்லினில் அவன் பீட்டரை மாயத்தின்மேல் மாயமாகக் காட்டி அலைக்கழித்து, ரயிலின் முன்னே நிறுத்திவிடும் காட்சியைப் பொறுத்தவரையில் ரசிகர்களுக்குள் அபிப்பிராய பேதமில்லை. சிலந்தி மனிதன் படங்களிலேயே தலைசிறந்த காட்சிகளில் ஒன்றென்று எதிர்க் கட்சியாரும் ஒப்புகிறார்கள்.

சட்டம் பயின்றவர்களுக்கு மேற்படி கண்ணாடி விஷயம் சற்று வேடிக்கையாகவே தோன்றும். 16 வயதுப் பையன் மைனர். நம் தேசத்து 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவன். அவன் செய்த ஒப்பந்தம் ஆதியிலிருந்தே செல்லாதென்று 1903இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கௌன்ஸிலார் தீர்ப்பளித்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒருவர் தம் தென்னந்தோப்பை மைனருக்கு எழுதிவைத்தால்கூட, வயது வரும்வரையில் பார்த்துக்கொள்ள ஒரு கார்டியனை நியமிப்பார். ஸ்டார்க்கோ நகரங்களைச் சாம்பலாக்கும் ஆயுதத்தை ஒரு துண்டுக் கடிதத்தோடு பள்ளிப் பிள்ளைக்கு அனுப்பிவைத்தார். கண்ணாடியைத் தூக்கிக் கொடுத்த பையனை அசடென்று ஏசும் ரசிகர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு நாம் உடன்படவில்லை. குற்றம் எழுதிவைத்தவர்மேல், ஆனால் அவரைக் குற்றம் சொல்லும் துணிவு படத்துக்கு இல்லை.

துணிவில்லையென்பதற்கு இன்னொரு சாட்சியமும் உண்டு. பெக் யார்? ஸ்டார்க் கம்பெனியில் வேலை பார்த்தவன். அவன் கண்டுபிடித்த யந்திரத்துக்கு ஸ்டார்க் பரிகாசமாக ஒரு பெயர் சூட்டி, தமதென்று மேடையில் காட்டிக்கொண்டு, அவனையும் வேலையிலிருந்து நீக்கினார். அவனோடு சேர்ந்திருப்பவர்களும் அதே கம்பெனியில் அவமதிப்புற்றவர்களே. இதற்கு முந்திய 2017ஆம் வருஷத்துப் படத்தில் வில்லனாக வந்த டூம்ஸின் கதையும் இத்தகையதே. நகரசபையோடு ஒப்பந்தம் செய்து, லாரிகள் வாங்கி, ஆட்களை அமர்த்தி, இடிபாடுகளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தவனை, ஸ்டார்க்கும் ஸர்க்காரும் கூட்டாக ஏற்படுத்திய இலாகா ஒரே நாளில் வெளியேற்றிவிட்டது. அடுத்தடுத்து இரண்டு படங்களிலும் செல்வந்தரால் வயிற்றிலடிக்கப்பட்டவர்களே பகைவர்கள். அவர்களை அடக்குவதற்கு வருபவனோ குவீன்ஸ் ஏழைப் பையன். ஏழைக்கு எதிராக ஏழையை நிறுத்தியிருக்கிறார்களே என்று ரசிகர்கள் கேட்டது மிகவும் கூர்மையான கேள்வி. வாதியைக் கொலைகாரனாக்கிவிட்டால் அவனுடைய பிராதை விசாரிக்கவேண்டிய அவசியமே இல்லையல்லவா? பெக்கின் முறையீடு ஒரே ஒரு காட்சியில், அதுவும் மதுக் கிண்ணத்தைத் தூக்கிப்பிடித்துச் செய்யும் பிரசங்கமாக, வந்து போய்விடுகிறது. பீட்டரின் காதில் அது விழுவதேயில்லை.

படத்தின் கட்சியில் பேசுபவர்களுக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது. முடிவில் லண்டன் டவர் பாலத்தில் பெக்கைப் பையன் வெல்வது ஸ்டார்க்கின் ஆயுதத்தாலன்று. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பொய்யென்று உணர்ந்து, தன் உடம்பிலேயே உள்ள உணர்ச்சியை நம்பி அடிக்கிறான். இரவல் ஆயுதம் கேட்டையே விளைத்தது, சொந்தச் சக்தியே காத்தது. படத்தின் கருத்தே இதுதானென்கிறார்கள் அவர்கள். ஒப்புக்கொள்ளக்கூடிய வாதமே. ஆனால் அதற்குச் சற்று முன்னர் என்ன நடக்கிறது? ஹாலந்தில் அடிபட்டுக் கிடந்த பையனை ஸ்டார்க்கின் பழைய ஊழியர் ஹேப்பி ஹோகன் ஸ்டார்க்கின் விமானத்தில் ஏற்றிக்கொள்கிறார். அங்கே ஸ்டார்க்கின் யந்திரத்தைக் கொண்டு பையன் தனக்குப் புதுச் சட்டை செய்துகொள்கிறான். ஹேப்பி பாட்டொன்றை வைக்கிறார். கைகளை வீசி யந்திரத்தை இயக்கும் பையனிடத்தில் தம் மறைந்த எஜமானரைக் கண்டு உருகுகிறார். இக்காட்சியில் கண்ணீர் விட்டவர்களும் உண்டு, பல்லைக் கடித்தவர்களும் உண்டு. இரவல் வேண்டாமென்று போதிக்கும் படம் அந்தப் போதனைக்குச் சட்டைத் துணியையும் இரவல் வாங்குகிறது. நாம் பல்லைக் கடித்தவர்கள் பக்கம்.

நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரைப் பற்றியும் இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. படம் முடிந்துவிட்டதென்று எழுந்தவர்கள் மறுபடி உட்காரும்படியாக ஜோனா ஜேம்ஸன் திரையில் தோன்றுகிறார். பழைய கதைகளில் இவர் 'டெய்லி பியூகிள்' பத்திராதிபர்; சிலந்தி மனிதனைத் தூற்றியே பத்திரிகை விற்றவர். 2002ஆம் வருஷத்துப் படத்தில் அவராக நடித்த ஸ்ரீ ஜே. கே. ஸிம்மன்ஸையே மறுபடியும் கொண்டுவந்ததில் கொட்டகைகள் அதிர்ந்தன. அவர் பெக் வெட்டி ஒட்டிவிட்டுப் போன படத்துண்டை உண்மையென்று ஒலிபரப்பி, பீட்டரைக் கொலைகாரனென்று சாற்றி, அவனுடைய நிஜப் பெயரையும் உலகறியச் செய்துவிடுகிறார். பத்திராதிபர் என்ற முறையில் நாம் கைதட்டவில்லை. ஆனால் வந்த துண்டு யார் வெட்டியதென்று கேளாமல் அச்சேற்றும் சகாக்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டென்பதை மறைப்பானேன்?

படம் வெளிவந்து இரண்டு மாதம் ஆவதற்குள் ரசிகர்களின் கட்சிக்கே ஒரு சோதனை வந்தது. சிலந்தி மனிதனைப் படமெடுக்கும் உரிமை சோனி கம்பெனியாரிடம் இருக்கிறது. ஸ்டார்க் முதலிய மற்ற வீரர்களுக்கு உரிமை பெற்ற மார்வெல் கம்பெனியோ 2009இல் டிஸ்னி வசமாயிற்று. 2015இல் ஏற்பட்ட ராஜியின்படியே பையன் ஸ்டார்க்கின் உலகத்தில் உலாவினான். இலாபப் பங்கைப்பற்றிய தகராறில் 2019 ஆகஸ்டில் பேச்சு முறிந்ததென்று செய்தி வந்ததும் ரசிகர்கள் பெருங்கூச்சல் எழுப்பினார்கள். எதற்காக? ஸ்டார்க்கின் வீட்டிலிருந்து பையனைப் பிரிக்கலாகாதென்று! நேற்றுவரையில் அவனை அந்த வீட்டின் அடிமையென்று இரங்கியவர்களிலும் பலர் இக்கூச்சலில் சேர்ந்துகொண்டார்கள். பீட்டராக நடித்த ஸ்ரீ டாம் ஹாலண்டு டிஸ்னி தலைவர் ஸ்ரீ பாப் ஐகரிடம் தொலைபேசியில் மன்றாடியதை ஐகரே பின்னர் தொலைக்காட்சியில் சொன்னார். செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டது. டிஸ்னிக்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கென்று பேச்சு. கம்பெனிகள் இரண்டும் தங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டன. படத்துக்குள் எஜமானர் வேண்டாமென்று சொன்ன ரசிகர்கள் படத்துக்கு வெளியே ஓர் எஜமானரைக் கேட்டு வாங்கினார்கள் என்று நாம் சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். தயாரிப்பில் மார்வெலாரின் கை தேர்ந்ததென்பது அவர்கள் பதில். இருக்கலாம்.

2021 டிசம்பரில் அடுத்த படம் வந்தது. முன்னர் சிலந்தி மனிதனாக நடித்த இருவரையும் அதில் கூட்டியிருந்ததால் ரசிகர்களின் பேச்சு பெரும்பாலும் அவர்களைப்பற்றியே போயிற்று. ஆயினும் 2019இன் வழக்கை மறவாதவர்கள் கடைசிச் சில நிமிஷங்களைக் கவனித்தார்கள். அதற்குள் பெரியம்மா மடிந்துபோகிறார். பெரியப்பாவுக்கென்று பழைய கதையிலிருந்த இடத்தை இங்கே அவர் பெறுகிறார். ஒரு மந்திரத்தால் உலகத்தார் யாவரும் பீட்டரை மறந்துவிடுகிறார்கள். காதலியும் மறந்தாள், ஹேப்பியும் மறந்தார். விமானமில்லை, கண்ணாடியில்லை, செயற்கைக் கோளில்லை. குறுகலான அறையொன்றை வாடகைக்குப் பிடித்து, பெட்டியொன்றில் பள்ளிப் பரீட்சைக்கான புத்தகத்தோடு குடியேறுகிறான். வாடகையைத் தேதி தவறாமல் கொடுக்கவேண்டுமென்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போகிறார். மேஜைமேல் ஒரு தையல் யந்திரம். அதில் தானே தைத்த நீலமும் சிவப்புமான சட்டையை மாட்டிக்கொண்டு, பனி பெய்யும் இரவில் ஜன்னல் வழியாகக் குதிக்கிறான்.