தோம்பும் படையேடும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வெளியிடப்பெறும் கல்வெட்டு என்னும் சிறுநூலை அறியாதார் இலர். இறந்தாரின் குணநலம் கூறும் செய்யுட்கள் அதன்கண் ஒருபுறமும், அவர்தம் வம்ச விருட்சம் மற்றொருபுறமும் அமைதல் வழக்கு. பாட்டன், பூட்டன் வரையில் அவ்விருட்சத்தின் கிளைகள் தெளிவாக நிற்கும். அதற்கு மேல் வேரைத் தேடப் புகுந்தவுடன் வரலாறு நின்று புகழ்ச்சி தொடங்கிவிடுகின்றது. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிற் கண்ட பிரபு ஒருவரைத் தம் குலமுதல்வராகக் கொள்வார் பலர். அப்பிரபுவுக்கும் பூட்டனாருக்கும் இடையே கழிந்த நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர் யாவர் என்று வினவுவார் சிலரே.

குடிவரலாறு அறிய விழைதல் குற்றமன்று. சான்றின்றி எழுதுதலே குற்றம். அந்நியர் ஆண்ட காலத்துக்குச் சான்று இல்லையென்று கூறித் தப்பவும் இயலாது. இறை தண்டுதற்காகக் காணியை எழுதினர். சம்பளம் கொடுத்தற்காகப் படைவீரனை எழுதினர். எவரையும் புகழும் நோக்கமின்றி எழுந்தமையால், இவ்விருவகை ஏடுகளும் குடிவரலாற்றுக்குச் சிறந்த சான்றாவன.

தோம்பு என்பது போர்த்துக்கேய மொழியினின்றும் எமக்கு வந்த சொல். லிஸ்பனிலுள்ள அந்நாட்டுச் சுவடிச்சாலையின் பெயரிலும் அச்சொல் இன்றும் வழங்குகின்றது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் காணிக்கும் குடிக்கும் பேரேடுகள் வகுத்தனர். ஒல்லாந்தர் ஏடுகளுள் மூன்று எமக்கு இங்கு வேண்டுவன. காணித் தோம்பு நிலத்தின் பெயரையும் பரப்பையும் உடையவரையும் கூறும். தலைத் தோம்பு குடும்பத் தலைவனையும் அவன் மனைவி மக்களையும் ஊழியக் கடமையையும் கூறும். பாடசாலைத் தோம்பு ஊர்ப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் எழுதிவைத்த ஞானஸ்நான, விவாகப் பதிவாகும். குடிகளின் வரலாற்றைக் காத்தவருள் எம் தொழில் முன்னோரும் உளர் என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்க.

இவ்வேடுகளைப் படிப்பார்க்கு எச்சரிக்கை இரண்டு. எம்மவர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே முன்னிற்கும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கால், வேலாயுதர் கந்தர், கந்தர் வேலாயுதர் என இரு பெயர்களே தலைமுறைதோறும் மாறி மாறி வரும். ஒரே ஊரில் ஒரே காலத்தில் கந்தர் ஐவர் இருத்தலும் கூடும். பெயர் ஒத்தமை கொண்டு உறவு துணிதல் ஆகாது. காணியின் பெயரும் எல்லையும் ஒத்தல் வேண்டும். இரண்டாவது, ஒல்லாந்தர் சபையிற் பதிவு பெறாதார்க்கு உத்தியோகமும் உரிமைப்பேறும் அரிதாயிருந்த காலம் அது. ஆதலின் சைவக் குடும்பத்து முன்னோர்க்கும் பிலிப்பு, தொன் முதலிய பெயர்கள் ஏட்டிற் காணப்படும். அதனைக் கண்டு வெட்கி மறைத்தலும் வேண்டா. அதுகொண்டு அவர்தம் உள்ளத்தை அளத்தலும் வேண்டா.

தோம்பினின்றும் எம் காலத்துக்கு இறங்கிவரப் பாலமாவன உறுதிகள். வீட்டுப் பெட்டகத்திலுள்ள உறுதி, தனக்கு முந்திய உறுதியின் இலக்கத்தையும் திகதியையும் நொத்தாரிசையும் கூறும். அது தனக்கு முந்தியதைக் கூறும். இவ்வாறு அறிந்ததினின்றும் அறியாததற்குப் படிப்படியாக ஏறுதலே முறை. மேலிருந்து கீழே குதிப்பார்க்கு வைபவமாலைப் பிரபுவே கைப்படுவார்.

இங்கே தேசவழமை எமக்கோர் அரிய உதவி புரிந்துள்ளது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என அது பொருளை மூன்றாக வகுத்தது. பழைய வழமைப்படி தாயின் சீதனம் மகளுக்குச் செல்லும். ஆதலின் ஒரு சீதனக் காணியின் உறுதிகளை வரிசைப்படுத்துவோமாயின், தாய், தாயின் தாய், அவள் தாய் எனப் பெண்வழி ஒன்று எம் கண்முன் எழுகின்றது. வம்ச விருட்சங்களில் இன்னாரின் பாரியார் என்ற அளவில் நின்றுவிட்ட பெண்கள், சீதன ஓலையிலே தம் சொந்தப் பெயரோடும் நிலத்தோடும் நிற்கின்றனர்.

படையேட்டின் இயல்பு வேறு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி, தான் அனுப்பிய கப்பல்களுக்குச் சம்பளப் பேரேடுகள் வைத்திருந்தது. வீரனின் பெயர், பிறந்த ஊர், ஏறிய கப்பல், பதவி, சம்பளம், ஊரிலிருந்த தாய்க்கோ மனைவிக்கோ அனுப்பிய பணம், முடிவில் இறந்தானோ, தாயகம் மீண்டானோ, ஓடிப்போனானோ என்பது ஈறாக அதில் வரவும் செலவும் போல வாழ்வு முழுதும் அடங்கும். அவ்வாறு வந்தவருள் ஜெர்மானிய நாடுகளிற் பிறந்தாரும் பலர். ஹேக் நகரத்துச் சுவடிச்சாலையிலுள்ள அவ்வேடுகளுள் 18ஆம் நூற்றாண்டுக்குரியவற்றின் பெயர்க்குறிப்புகளை இன்று கணினிவழி எவரும் தேடலாம். கொழும்பிலுள்ளவை உட்பட ஐந்து நாடுகளிலிருக்கும் அக்கொம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

இலங்கைப் பறங்கியர் இத்துறையில் எமக்கு முன்னோடிகள். அரச சுவடிக்காப்பாளராயிருந்த ஆர். ஜி. அந்தோனிஸ் முதலானோர் முயற்சியால் 1908இல் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகை, குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை வெளியிட்டது. இன்ன ஊரினர், இன்ன கப்பலில் இன்ன ஆண்டில் வந்தவர் என்று பல வம்சாவளிகள் தொடங்கும். உழைப்பிலும் ஒழுங்கிலும் அவை போற்றத்தக்கன. எனினும் அச்சங்கம் தந்தைவழி ஒன்றையே உறுப்புரிமைக்கு அளவாகக் கொண்டது. கப்பலில் வந்த வீரன் முதல்வனானான். அவன் இந்நாட்டிலே மணந்த பெண்ணின் முன்னோரோ அவ்வளவையில் இடம்பெற்றிலர். யாழ்ப்பாணத்துச் சீதன ஓலை காத்த வழியைப் படையேடு காக்கவில்லை.

மலாய் மக்களுக்கும் படையேடே முதற் சான்று. ஒல்லாந்தர் காலத்திலும் பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் அவர்தம் முன்னோருட் பலர் படையிற் சேவித்தனர். ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் படை 1873இற் கலைக்கப்பட்டபோது அதன் வீரர் ஊர்களிற் கலந்தனர். ஆயினும் கொம்பனித்தெரு என்னும் பெயரும், அங்குள்ள ரைபிள் வீதி, மலாய் வீதி என்பனவும் அவர் இருப்பை இன்றும் உரைக்கின்றன. அப்படையின் வரவேடுகள் இலண்டனைச் சேர்ந்த கியூ சுவடிச்சாலையில் உள்ளன. படையேடு ஒருவன் வந்த வழியைச் சொல்லும். காணியேடு அவன் நிலைத்த இடத்தைச் சொல்லும். இரண்டையும் ஒருங்கு வைத்தாலன்றி வரலாறு நிரம்பாது.

இனி, சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியாதல் வேண்டும். 1707இல் தொகுத்து வெளியிடப்பட்ட தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. பழைய சீதன ஓலைகளிலே காணியோடும் நகையோடும் மாட்டோடும் மனிதரும் பொருளாக எழுதப்பெற்றனர். 1806இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்து அடிமைகளைப் பதிவு செய்யுமாறு விதித்தனர்; 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. தோம்பிலே தம் முன்னோரை உடையவராகக் கண்டு மகிழ்வார், அதே குடும்பத்து ஓலையிலே உடைமையாக எழுதப்பட்டாரையும் காண்பர்.

அவ்வாறு கண்டோர் சிலர் நாணி ஓலையை எரித்துவிடுகின்றனர் எனக் கேள்வியுறுகின்றோம். நாணுதல் தக்கதே, எரித்தல் தகாது. உடைமையாக எழுதப்பட்டவரின் வழித்தோன்றல்கள் இன்று எம் வகுப்புகளில் இருந்து கற்கின்றனர். தம் பூட்டியின் பெயரை அவர்கள் தேடப் புகுந்தால், அதனைத் தாங்கிய ஏடு உடையவன் வீட்டுப் பெட்டகத்திலன்றி வேறெங்கும் இல்லாதிருத்தல் கூடும். அதனை எரிப்பவர் தம் குடும்பத்து மாசை நீக்கியவராகார். பிறர் குடும்பத்தின் வேரை அறுத்தவராவர்.

ஆதலின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. வீட்டிலுள்ள ஓலைகளையும் பழைய உறுதிகளையும் செல்லுக்கும் தீக்கும் இரையாக்காது காத்துப் படியெடுங்கள். புள்ளியிடாத எழுத்தையும், காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும் வரியையும், தமிழ் எண்களையும், பரப்பு, குழி, இலாச்சம் முதலிய அளவைகளையும் மாணவர்க்குக் கற்பியுங்கள். இலக்கணம் கற்பிக்கும் பண்டிதர்க்கு இஃது அயலான பணியன்று. ஏட்டிற் கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். காணாத தலைமுறைக்கு வெற்றிடம் விடுங்கள்.

வெற்றிடம் உள்ள வம்ச விருட்சம் குறைபட்டதாகாது. அது மெய் நின்ற எல்லையைக் காட்டுவது. அவ்வெல்லையிலிருந்து மேலே செல்ல, பின்வருவார்க்கு வழிவிடுவது.